தொண்ணூற்றாறு கட்டங்களில் தமிழ்

எனது மேசை இழுப்பறையில் அறுபது நிமிட ஒலிநாடா ஒன்று இருக்கின்றது. அதன் ஒரு பக்கத்தில் 'நூல்கள்' என்றும் மறுபக்கத்தில் 'எழுத்து' என்றும் நீல மையினால் எழுதப்பட்டுள்ளது. பாட்டுக் கேட்கும் ஆவலோடு அதைப் போட்டுப் பார்ப்பவர் ஏமாந்து போவார். 'எழுத்து' என்ற பக்கத்தில் பதினைந்து வினாடிகளுக்குக் கீச்சென்ற ஓர் இரைச்சல் கேட்கும். அதன்பின் மௌனம்.

நேயர்களே, அந்த இரைச்சல் ஒரு கணனியின் குரல். இவ்விலக்கியத் தொடரில் கணனிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் தமிழ் நூல்களின் பெயர்களைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்பட்ட ஒரு சிறு முயற்சியின் வரலாறு இது. ஆதலால் இலக்கியத்துக்கு இது புறம்பானதன்று என்றே கருதுகின்றேன்.

முதலில் ஒரு சொல் பற்றி. தமிழகத்தார் 'கணினி' என்கின்றனர். நாம் நெடுங்காலமாகக் 'கணனி' என்றே எழுதி வந்தோம். எது சரியென்று மாணவர்கள் என்னிடம் வினவுவதுண்டு. பயிற்சி பெற்ற பட்டதாரித் தமிழாசிரியன் என்ற முறையில் 'கணினி' என்று எழுதுமாறே வகுப்பில் கூறுகின்றேன். ஆனால் என் பெரியம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்த அந்தக் கறுப்புப் பெட்டியைக் 'கணனி' என்றன்றி வேறு பெயரால் நினைக்க என்னால் இயலவில்லை. எனவே இங்கு அச்சொல்லே நிற்கட்டும்.

பெரியம்மாவின் குடும்பம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் வசித்தது. நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். 1983 ஜூலையில் பெரியம்மா வீடு எரிக்கப்பட்டது. உயிர்கள் தப்பின. பெரியப்பாவின் புத்தக அலுமாரி தப்பவில்லை. அலுவலகத்தில் இலிகிதராக இருந்த அவர், சம்பளத்தில் மிச்சம் பிடித்து முப்பது ஆண்டுகளாகச் சேர்த்தவை அவை. நாவலரின் பெரியபுராண வசனம், நாற்பதுகளில் வெளிவந்த மறுமலர்ச்சி இதழ்கள், மல்லிகையின் தொடக்க காலத் தொகுப்புகள், செ. கணேசலிங்கனின் நீண்ட பயணம் என்று பழையதும் புதியதும் அங்கே அடுத்தடுத்து நின்றன. அகதி முகாமிலிருந்து உறவினர் வீடு, அங்கிருந்து திரும்பவும் வெள்ளவத்தை என அக்குடும்பம் அலைந்து 1984இல் அதே வீட்டைத் திருத்திக் குடியேறியது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அலுமாரி இருந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

அவ்வாண்டின் இறுதியில் லண்டனிலிருந்து மாமாவின் கடிதம் வந்தது. அடுத்த சித்திரையில் ஊருக்கு வருவதாகவும், பெரியம்மாவின் மகனுக்கு, அதாவது என் அண்ணாவுக்கு, ஒரு வீட்டுக் கணனி கொண்டுவர விரும்புவதாகவும் எழுதியிருந்தார். எதைக் கொண்டுவருவது என்று தீர்மானித்து எழுதுமாறும் கேட்டிருந்தார். அண்ணாவுக்கு அப்போது பதினைந்து வயது நிறையவில்லை. எனக்கு நாலு வயது. ஆகவே இப்பகுதியை அண்ணா பின்னர் சொல்லக் கேட்டே எழுதுகின்றேன்.

அக்காலத்து நிலையை இன்றைய இளையோருக்குச் சற்று விளக்க வேண்டும். 1977இல் அமெரிக்காவில் அப்பிள் நிறுவனத்தின் இரண்டாம் கணனியும், 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பீ.சி.யும் வெளிவந்தன. அவை அலுவலகங்களுக்கும் வசதி படைத்தோருக்கும் உரியவை. சாதாரண வீடுகளுக்கென்று மலிவான கணனிகளைப் பிரித்தானியாவில் பரப்பியவர் கிளைவ் சின்கிளேயர். 1981இல் அவர் வெளியிட்ட இசட்.எக்ஸ். 81இன் நினைவகம் ஒரே ஒரு கிலோபைற்று. இன்று கைத்தொலைபேசியில் நாம் அனுப்பும் ஒரு சிறு படத்துக்குக்கூட அது போதாது. 1982 ஏப்ரிலில் ஸ்பெக்ட்ரம் வந்தது. நாற்பத்தெட்டு கிலோபைற்று நினைவகம் கொண்ட அதன் விலை அப்போது 175 பவுண். அதற்குச் சில மாதங்கள் முந்தி, பி.பி.சி.யின் கணனிக் கல்வித் திட்டத்துக்கென ஏகோர்ண் நிறுவனம் பி.பி.சி. மைக்ரோ என்ற கணனியைச் செய்து வெளியிட்டிருந்தது. இந்தியாவில் 1984இல் தொடங்கிய பாடசாலைக் கணனித் திட்டம் தேர்ந்தெடுத்ததும் இந்தப் பி.பி.சி. மைக்ரோவைத்தான். மூன்றாவது, அமெரிக்காவின் கொமடோர் 64. அறுபத்துநாலு கிலோபைற்று நினைவகமும் இசைக்கென்றே தனிச் சில்லும் கொண்டது அது.

இம்மூன்றில் எது? ஒழுங்கையில் இருந்த ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆலோசனை சொன்னார்களாம். பி.பி.சி. மைக்ரோவுக்கு நல்ல விசைப்பலகை, உறுதியான உடல், படிப்புக்கு உகந்தது. ஆனால் விலை ஸ்பெக்ட்ரத்தின் இரு மடங்குக்கு மேல், பாரமும் பல கிலோ. கொமடோரில் இசையும் நிறமும் சிறப்பு. ஆனால் அதற்குச் சாதாரண ரேப் ரெக்கோடர் பொருந்தாது. அதற்கென்று தனியான ஒலிநாடாக் கருவி வாங்க வேண்டும். ஸ்பெக்ட்ரத்தின் விசைகள் றப்பரால் ஆனவை. அழிறப்பரை அமத்துவது போன்ற உணர்ச்சி. ஆயினும் வீட்டில் இருக்கும் எந்த ரேப் ரெக்கோடரும் எந்தத் தொலைக்காட்சிப் பெட்டியும் அதற்குப் போதும். அமெரிக்காவில் இருந்த இன்னோர் உறவினரிடம் கேட்கலாமா என்றும் ஒரு பேச்சு எழுந்ததாம். அங்கிருந்து வருவது 110 வோல்ற் மின்சாரத்துக்கும் அந்நாட்டுத் தொலைக்காட்சி முறைக்கும் உரியது. இங்கு மின்சாரம் 230 வோல்ற், தொலைக்காட்சி முறையும் வேறு. அந்தப் பேச்சு அத்துடன் நின்றது.

நேயர்களே, எங்கள் ஊர்களில் இக்கணனிகளை யாரும் கடையில் வைத்துத் தெரிவு செய்யவில்லை. எங்கள் தெரிவைத் தீர்மானித்தது, உறவினர் எந்த நாட்டில் இருக்கின்றார் என்பதும் அவரது பயணப் பெட்டியில் எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கின்றது என்பதுமே. ஸ்பெக்ட்ரத்தின் நிறை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். 1985 சித்திரையில், இரண்டு சேட்டுகளுக்கு நடுவே அது வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தது.

அதே கொழும்பில் வேறொரு கணனி வரலாறும் நடந்துகொண்டிருந்தது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், '2010' என்ற நாவலைக் கொழும்பில் தம் வீட்டிலிருந்த கணனியிலேயே எழுதினார். அது 1982இல் நூலாயிற்று. அதனைத் திரைப்படமாக்கிய பீற்றர் ஹயம்சுடன், கேப்ரோ என்ற கணனியையும் தொலைபேசி இணைப்பையும் கொண்டு கொழும்பிலிருந்து லொஸ் ஏஞ்சல்சுக்குக் கடிதப் போக்குவரத்து நடத்தினார். அக்கடிதங்கள் பின்னர் தனி நூலாக வெளிவந்தன. 1983இல் நாட்டின் கணனிக் கொள்கை பற்றிய முதல் அறிக்கை தயாராயிற்று. 1984இல் சின்ரெக் எனப்பட்ட தகவல் தொழில்நுட்பப் பேரவையும், கிளார்க்கின் பெயரிலான நவீன தொழில்நுட்ப நிலையமும் உருவாயின. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வீ. கே. சமரநாயக்க கணனிக் கல்விக்கு அடித்தளம் இட்டுக்கொண்டிருந்தார். கறுவாத்தோட்டத்திலிருந்து வெள்ளவத்தை சில மைல் தூரந்தான். ஒரே நகரத்தில் ஒரு வீட்டிலிருந்து கடல்கடந்து கடிதங்கள் பறந்த அதே காலத்தில், இன்னொரு வீட்டில் எரிந்த சுவருக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் கொழும்பின் வரலாறே.

கணனி வந்த புதிதில் அண்ணா விளையாட்டுகளையே ஏற்றினார். ஒலிநாடாவிலிருந்து ஒரு விளையாட்டு ஏறுவதற்கு ஐந்து நிமிடம் செல்லும். அவ்வளவு நேரமும் கீச்சொலி. எங்கள் அம்மம்மா ஒருநாள், "உதுக்குள்ளை ஆர் இருந்து கத்தினம்?" என்று கேட்டாராம். ஐந்தாம் நிமிடத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் திரும்பவும் தொடக்கத்திலிருந்து ஏற்ற வேண்டும். அந்தப் பொறுமையை இன்றைய பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

சில மாதங்களின் பின் பெரியப்பா கணனிக்கு முன்னால் வந்து அமர்ந்தார். "தம்பி, இதிலை எழுதிறதை வைச்சிருக்கலாமோ?" என்று கேட்டார். வைத்திருக்கலாம், பிரதியும் எடுக்கலாம், லண்டனுக்குத் தபாலில் அனுப்பலாம், கொப்பியைப் போல ஒன்று எரிந்தால் எல்லாம் போய்விடாது என்று அண்ணா விளக்கினார். அப்படியானால் எரிந்துபோன புத்தகங்களின் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல அதில் எழுதுவதென்று முடிவாயிற்று.

அண்ணா முதல் பத்துப் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடித்துக் காட்டினார். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னது எங்கள் குடும்பத்தில் இன்றும் நினைவுகூரப்படுவது: "இங்கிலீசு எழுத்திலை எழுதினா அது என்ரை புத்தகம் இல்லையடா."

இவ்வாறுதான் அந்த வீட்டில் தமிழ்க் கணிமை தொடங்கிற்று.

ஸ்பெக்ட்ரத்தில் ஒவ்வோர் எழுத்தும் எட்டு வரிசை, எட்டு நிரல் கொண்ட ஒரு சிறு கட்டத்துள் அமையும். அறுபத்துநாலு புள்ளிகள். புள்ளி ஒளிர வேண்டுமானால் ஒன்று, வேண்டாவிடில் பூச்சியம். நாமாக வரைந்துகொள்ளும் எழுத்துகளுக்கு இருபத்தொரு இடங்கள் உண்டென்று கைநூல் கூறியது. தமிழுக்கு எழுத்துகள் இருநூற்று நாற்பத்தேழு. இருபத்தொன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பி.பி.சி. மைக்ரோவாக இருந்திருந்தால் இயல்பாக முப்பத்திரண்டு இடங்கள் கிடைத்திருக்கும். கொமடோராக இருந்திருந்தால் இருநூற்று ஐம்பத்தாறு! தெரிவு செய்யும்போது விலை, நிறை, நிறம், இசை எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எது தமிழ் எழுத்துக்கு இடந்தரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவுமில்லை.

அண்ணா பல மாதம் தேடி ஒரு வழி கண்டார். கணனி தன் ஆங்கில எழுத்துகளை எங்கிருந்து எடுக்கின்றது என்ற முகவரி நினைவகத்தில் ஓரிடத்தில் குறிக்கப்பட்டுள்ளது. அம்முகவரியை மாற்றிவிட்டால், நாம் வரைந்த தொண்ணூற்றாறு எழுத்துகளைத் தன்னுடையவையென்று எண்ணி அது பயன்படுத்தும். இருபத்தொன்று தொண்ணூற்றாறு ஆயிற்று. ஆனால் அதுவும் போதவில்லை. உயிர் பன்னிரண்டு, ஆய்தம் ஒன்று, அகரமேறிய மெய் பதினெட்டு, புள்ளியிட்ட மெய் பதினெட்டு, இகர ஈகார வரிசை முப்பத்தாறு, உகர ஊகார வரிசை முப்பத்தாறு, அரவு, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி என்று நான்கு. கூட்டினால் நூற்றிருபத்தைந்து.

இங்கேதான் வரலாறு குறுக்கிடுகின்றது. இதே சிக்கலை நமது நாட்டவர் ஒருவர் முன்னரே சந்தித்துத் தீர்த்திருந்தார். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயா, சிங்கப்பூர் சென்று வாழ்ந்த இராமலிங்கம் முத்தையாவே அவர். தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் போற்றப்படுபவர். நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகளுக்குள் தமிழை அடக்க அவர் கையாண்ட உபாயங்களுள் ஒன்று நகரா விசை. புள்ளியை அடித்தால் தாள் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அப்புள்ளியின் கீழேயே விழும். ஆகவே பதினெட்டு மெய்களுக்குப் பதினெட்டுத் தனி அச்சு வேண்டியதில்லை. புள்ளி ஒன்றே போதும்.

பெரியப்பா அலுவலகத்தில் தமிழ்த் தட்டச்சுப் பழகியவர். அவர் வாயிலாகவே இவ்வுபாயம் அண்ணாவுக்குத் தெரிய வந்தது. ஸ்பெக்ட்ரத்திலும் ஓர் எழுத்தின்மேல் இன்னொன்றைப் பதிக்க வழி இருந்தது. மெய்யை அச்சிட்டு, ஓரிடம் பின்வாங்கி, அதன்மேல் புள்ளியைப் பதித்தார். புள்ளியிட்ட பதினெட்டுக்கு ஒன்று. இகர ஈகார முப்பத்தாறுக்கு இரண்டு விசிறிகள். நூற்றிருபத்தைந்து எழுபத்துநான்காகக் குறைந்தது. ஆனால் ஒரு குறை: மேற்பதிக்கும்போது இரண்டு புள்ளிகள் ஒரே இடத்தில் சந்தித்தால் அவ்விடம் ஒளிர்வதற்குப் பதிலாக அணைந்துவிடும். ஆதலால் ஒவ்வொரு மெய்யின் தலையிலும் வலப்புறத்திலும் சிறிது வெளி விட்டு வரைய வேண்டியிருந்தது.

பின்னும் ஒரு வழக்கு எழுந்தது. தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தும்பிக்கை வடிவத்தையும், ணா, றா, னா ஆகியவற்றின் சுழி வடிவத்தையும் கைவிட்டிருந்தது. அண்ணா புதிய வடிவத்தை வைத்துக்கொண்டார். பெரியப்பா ஒப்பவில்லை. எரிந்துபோன நூல்களின் அட்டைகளில் இருந்தது பழைய வடிவம், அப்படித்தான் தம் கண்ணுக்குத் தெரிகின்றது என்றார். ஏழு கட்டங்கள் கூடின. எண்பத்தொன்று. எண்கள் பத்து, இடைவெளி, முற்றுப்புள்ளி, காற்புள்ளி, சிறுகோடு, வினாக்குறி ஐந்து. கூட்டிப் பாருங்கள், மிகச் சரியாகத் தொண்ணூற்றாறு! மிஞ்சிக் கிடந்த இருபத்தொரு இடங்களில் ஜ, ஷ, ஸ, ஹ முதலிய கிரந்த எழுத்துகள் குடியேறின.

அந்த வேலையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. 1987இல் நான் அரிவரி கடந்து இரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னைக் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பஸ்ஸில் கூட்டிச் செல்வார். அண்ணா கட்டக் கொப்பியில் எட்டுக்கு எட்டாகக் கோடு கீறித் தருவார். அவர் காட்டும் கட்டங்களைப் பென்சிலால் கறுப்பாக்குவது என் கடமை. எழுத்து ஒவ்வொன்றும் எவ்வாறு வளைகின்றது, எங்கே சுழிக்கின்றது என்பதை நான் படித்தது அக்கொப்பியில்தான். 'ட' எளிது. 'ப' அதனிலும் எளிது. மூன்று சுழியுடைய 'ண' மட்டும் எட்டு நிரலுக்குள் அடங்க மறுத்தது. எத்தனை விதமாக வரைந்தாலும் அது 'ன' போலவே தோன்றிற்று. பெரியப்பா திரையை உற்றுப் பார்த்து, "இது கண்ணனோ கன்னனோ?" என்று கேட்பார். பிற்காலத்தில் வகுப்பறையில் ணகர னகர வேறுபாடு கற்பிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி என் காதில் ஒலிக்கும்.

1988 அளவில் பட்டியல் வளரத் தொடங்கியது. திரையின் ஒரு வரியில் முப்பத்திரண்டு எழுத்துக்கே இடம். நீண்ட தலைப்புகள் மடிந்து விழும். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு அலுமாரியின் முன் நிற்பது போல் நின்று, மேல் தட்டு இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு நூலாகச் சொல்வார். அண்ணா அடிப்பார். இருநூறு நூல்களைக் கடந்தது. முடிந்ததும் பிரதி எடுத்து லண்டன் மாமாவுக்கு அனுப்புவதென்பது ஏற்பாடு. ஆனால் முடியவில்லை. ஒவ்வொரு கிழமையும் ஒரு புதிய பெயர் நினைவுக்கு வரும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்பார் பெரியப்பா. 1990இல் அண்ணா கனடாவுக்குப் புறப்பட்டார். புறப்படும் அவசரத்தில் பிரதி எடுப்பது மறந்துபோயிற்று. கணனியும் ஒலிநாடாவும் கொட்டாஞ்சேனைக்கு, என்னிடம் வந்தன. 1993இல் பெரியப்பா காலமானார்.

இனிச் சொல்லப்போவது மனத்துக்கு வருத்தமானது.

தொண்ணூறுகளில் கொழும்பில் வாழ்ந்த தமிழருக்குத் தேடுதல் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1996 ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நிகழ்ந்தது; அதன்பின் கெடுபிடிகள் இறுகின. அவ்வாண்டு நடுப்பகுதியில் ஓரிரவு எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். எனக்கு வயது பதினாறு. வயர்களும் கறுப்புப் பெட்டியும் அவர்கள் கண்ணில் பட்டன. ஒலிநாடாவைப் போடச் சொன்னார்கள். கீச்சொலி கிளம்பியது. அது என்ன சத்தம், யாருக்கு அனுப்பும் செய்தி என்று கேட்டார்கள். புத்தகங்களின் பெயர்கள் என்று அப்பா சொன்னார். அந்த விடை அவருக்கே நம்பத்தகாததாய் ஒலித்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குப் பின், பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வேறொன்றும் நடக்கவில்லை.

ஆனால் அப்பா பயந்துபோனார். மறுநாள் மாலை நான் வகுப்பு முடிந்து வந்தபோது, அவர் அந்த ஒலிநாடாவை வானொலிப் பெட்டியில் போட்டு, அப்போது ஒலிபரப்பாகிக்கொண்டிருந்த நிகழ்ச்சிகளை அதன்மேல் பதிந்துகொண்டிருந்தார். 'நூல்கள்' என்ற பக்கம் முடிந்திருந்தது. மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டார். அவ்வேளை மின்சாரம் நின்றது. மின் உற்பத்தியின் பெரும்பகுதி நீரை நம்பியிருந்த காலம் அது. 1996இன் வரட்சியில் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இருட்டில் அப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போதும், அதை எடுத்து வை" என்றார். நான் அவரைக் குறை கூறேன். பதினாறு வயது மகனை வைத்திருந்த எந்தத் தகப்பனும் அவ்வாறே செய்திருப்பார்.

காலம் ஓடியது. நான் பட்டதாரியாகி, பயிற்சி பெற்று, ஆசிரியனானேன். இதற்கிடையில் பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவில் கணனிக் கடைகள் பெருகின. 2000ஆம் ஆண்டில் எங்கள் வீட்டுக்கு ஒரு பென்ரியம் கணனி வந்தது. அப்போதும் தெரிவுப் பிரச்சினை எழுந்தது. கொம்பனிப் பெயருள்ளதா, உதிரிப்பாகங்களைப் பொருத்தியதா என்று. நான் கடைக்காரரிடம் முதலில் கேட்ட கேள்வி, "இதிலை தமிழ் அடிக்கலாமோ?" என்பதே. அவர் பாமினி எழுத்துருவைப் பதிந்து தந்தார். அன்றைய ஈழத்துப் பதிப்புலகில் பாமினியை அறியாதார் இல்லை. அதிலும் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் எழுத்துகள் அமர்த்தப்பட்டிருந்தன. எழுத்துருவை மாற்றினால் தமிழ் முழுவதும் பொருளற்ற ஆங்கிலமாகிவிடும். அண்ணா வெள்ளவத்தையில் செய்த அதே தந்திரந்தான் அது.

உண்மையான மாற்றம் யூனிகோட்டினால் வந்தது. 1991இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. அது நமது அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்துசேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதிலும் இருநூற்று நாற்பத்தேழுக்கும் தனித்தனி இடமில்லை. மெய் ஒன்று, புள்ளி ஒன்று, குறிகள் சில. முத்தையாவின் விசைகளும், அண்ணாவின் கட்டங்களும், யூனிகோட்டும் வெவ்வேறு காலத்தில் ஒரே முடிவுக்கு வந்தமைக்குக் காரணம் தமிழ் எழுத்தின் இயல்பே. மெய்யும் உயிரும் கூடியே உயிர்மெய் என்று நம் இலக்கணகாரர் கூறிவைத்ததை இயந்திரங்கள் தத்தம் வழியில் மீண்டும் கற்றுக்கொண்டன.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனிடம் இவ்வொலிநாடாவைப் பற்றிப் பேச்சுவாக்கில் கூறினேன். பழைய ஸ்பெக்ட்ரத்தைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்கள் இப்போது இலவசமாகக் கிடைக்கின்றன என்றான். ஒலிநாடாவின் ஓசையைக் கணனியில் பதிந்து அம்மென்பொருளுக்குக் கொடுத்தான். 'நூல்கள்' பக்கத்தில் இருந்தவை 1996ஆம் ஆண்டின் ஒரு மாலை நேர வானொலி நிகழ்ச்சிகள்: செய்தி, பக்திப் பாடல், யாரோ ஒருவருடைய இலக்கியப் பேச்சின் ஒரு பகுதி. 'எழுத்து' பக்கத்தைப் போட்டோம். பதினைந்து வினாடிகள். திரையில் தொண்ணூற்றாறும் வரிசையாக வந்து நின்றன. தும்பிக்கையுடைய லை, சுழித்த றா, நான் பென்சிலால் கறுப்பாக்கிய ப, ட எல்லாம் அப்படியே. எழுத்துகள் பிழைத்துக்கொண்டன. அவற்றால் எழுதப்பட்ட பெயர்கள் இல்லை.

அன்றிரவே ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவை அழைத்துத் திரையைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ண இன்னும் சரிவரேல்லையடா" என்றார்.

அந்நூல்களுள் பல இன்று அழியவில்லை என்பதையும் கூற வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிமத் திட்டத்தில் மறுமலர்ச்சியையும் மல்லிகையையும் யாரும் வீட்டிலிருந்தே வாசிக்கலாம். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை இழந்த சமூகம் தன் முயற்சியால் தேடிக்கொண்ட ஆறுதல் அது. ஆனால் பெரியப்பாவின் அலுமாரியில் எவை எவை எந்த ஒழுங்கில் நின்றன, ஒரு சாதாரண இலிகிதர் தம் காலத்தில் எவற்றை வாங்கி வாசித்தார் என்பதை எந்த நூலகமும் தரமுடியாது. அது அவருடைய வாசிப்பின் வரலாறு. அதை இழந்தது நெருப்பினாலும் பயத்தினாலும் மட்டுமன்று; "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று நாம் தள்ளிப் போட்டதனாலுந்தான்.

அண்ணாவும் நானும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசி, நினைவுக்கு வரும் பெயர்களை எழுதி வருகின்றோம். இதுவரை முப்பத்தேழு நூல்கள். ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு பிரதி, எனக்கு ஒரு பிரதி. முடியும்வரை காத்திருப்பதில்லை.

வாசகர்களே, உங்கள் வீட்டு அலுமாரிகளிலும் பழைய ஒலிநாடாக்கள் கிடக்கலாம். கீச்சென்று கத்துகின்றது என்று எறிந்துவிடாதீர்கள். அதற்குள்ளே ஆர் இருந்து கத்துகின்றார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.